அச்சாணி கழலும் இடம்: விநியோகச் சங்கிலிகள் ஏன் அறுபடுகின்றன?

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை. பொழுது விடியும் முன்பே ஜப்பானின் கரியா நகரில் இருந்த ஐசின் செய்கி நிறுவனத்தின் ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. அங்கே தயாரானது 'பி வால்வு' (P-valve) என்ற சிறு உலோகப் பாகம். பிரேக்கை மிதிக்கும்போது பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்தி, வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கைக்குள் அடங்கிவிடும், விலையும் சில டாலர்கள்தான். டொயோட்டாவுக்கு வேண்டிய பி வால்வுகளில் 99 சதவீதத்தை ஐசின்தான் கொடுத்துவந்தது.

வேண்டிய நேரத்துக்கு, வேண்டிய அளவு மட்டுமே சரக்கு வரவேண்டும் என்பது டொயோட்டா உலகுக்குக் கற்றுத்தந்த முறை. அதனால் அதன் கையிருப்பில் இருந்த வால்வுகள் சில மணி நேர ஓட்டத்துக்குத்தான் காணும். அடுத்த நாலைந்து நாட்களில் ஜப்பானில் இருந்த அதன் கார் ஆலைகள் அநேகமாக எல்லாமே நின்றுவிட்டன. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம்கூடத் தன் இயந்திரத்தை மாற்றியமைத்து வால்வு கடைந்து கொடுத்தது. அடுத்த வாரத்தில் உற்பத்தி பழைய நிலையை நெருங்கியது. அதற்குள் சுமார் 70,000 வண்டிகளின் உற்பத்தி போயிருந்தது.

இதைப் பலரும் தொழில் உலகின் ஒற்றுமைக் கதையாகச் சொல்வார்கள். அது உண்மையும்கூட. ஆனால் என் மனதில் நிற்பது வேறொரு காட்சி. எஞ்சின் இருந்தது, கியர்பாக்ஸ் இருந்தது, சக்கரமும் கண்ணாடியும் இருக்கையும் இருந்தன, ஆட்களும் இருந்தார்கள். ஒரு வால்வு இல்லாததால் அத்தனையும் சும்மா கிடந்தன. தேரை நிறுத்த அச்சாணி கழன்றால் போதும். தொழில்துறைக்குத் தொழில்துறை இந்த அச்சாணி வேறு வேறு உருவில் இருக்கிறது, வேறு வேறு காரணத்தால் கழல்கிறது.

கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த எவருக்கும் ஏ, பி, சி என்ற பிரிப்பு தெரியும். ஆண்டுச் செலவில் பெரும்பங்கை விழுங்கும் சில பொருள்கள் ஏ. நடுத்தரமானவை பி. திருகு, வாஷர், லேபிள், அட்டைப்பெட்டி போன்ற எண்ணற்ற சில்லறைச் சாமான்கள் சி. மேலாளர் தினமும் கண்காணிப்பது ஏ வகையை. சி வகையைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுத்துவிடுவார்கள். பணம் எங்கே முடங்குகிறது என்று பார்ப்பதற்கு இது நல்ல முறைதான். எது இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்ற கேள்விக்கு இதில் பதிலே கிடையாது. லேபிள் ஒட்டாத மருந்துக் குப்பியை விற்க முடியாது. குப்பிக்குள் இருக்கும் மருந்து எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது கிடங்கிலேயே கிடக்கவேண்டியதுதான். பீட்டர் கிரால்ஜிக் என்பவர் 1983-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். ஒரு பொருளை அதன் மதிப்பால் மட்டும் எடைபோடாதீர்கள். அது கிடைக்காமல் போகும் ஆபத்தையும் பாருங்கள். மதிப்பு குறைவாகவும் ஆபத்து அதிகமாகவும் இருப்பவற்றைத் தனியாகப் பிரித்து வையுங்கள் என்றார். நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் பல நிறுவனங்களில் பட்டியல் பண மதிப்பின்படிதான் வரிசைப்படுத்தப்படுகிறது.

மூன்று கடிகாரங்கள்

2020 வசந்த காலத்தில் பெருந்தொற்றால் கார் விற்பனை படுத்தபோது, கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே படிப்பு என்று லேப்டாப்புக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் அப்போது கிராக்கி ஏறிக்கொண்டிருந்தது. சிப் ஆலைகள் காலியான இடத்தை அவற்றைச் செய்பவர்களுக்குக் கொடுத்தன. சில மாதங்களில் கார் வாங்குவோர் திரும்பி வந்தபோது கார் நிறுவனங்கள் வரிசையின் கடைசியில் நின்றன.

ரத்து செய்ததைத் திரும்பக் கேட்டால் கிடைத்துவிடாதா? கிடைக்காது. கார் ஆலை தன் உற்பத்தித் திட்டத்தை வாரக்கணக்கில் மாற்றும். ஒரு சிப்போ, சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து வெளியே வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகலாம். கூடுதலாக ஓர் ஆலையே வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கு. வாரத்தில் ஓடும் கடிகாரம் ஒன்று, மாதத்தில் ஓடுவது ஒன்று, ஆண்டில் ஓடுவது ஒன்று. மூன்றையும் ஒரே சங்கிலியில் கோத்திருக்கிறோம். வேகமாக முடிவெடுப்பவர் ஒரு நாளில் எடுத்த முடிவின் விளைவை மெதுவாக ஓடும் கடிகாரம் ஒரு வருடம் கழித்துத் திருப்பித் தருகிறது. இதற்கிடையில் 2021 மார்ச் 19 அன்று கார் சிப்களுக்குப் பேர்போன ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீ விபத்து வேறு. அந்த ஆண்டு முழுவதும் 77 லட்சம் வண்டிகள் தயாராகாமல் போகும், 21,000 கோடி டாலர் வருவாய் இழப்பு ஏற்படும் என்று அலிக்ஸ்பார்ட்னர்ஸ் ஆலோசனை நிறுவனம் அப்போது மதிப்பிட்டது. இத்தனைக்கும் அந்தச் சிப்களில் பல புதுமையானவை அல்ல. பழைய தொழில்நுட்பத்தில் செய்யப்படும் மலிவு விலைச் சிப்கள். லாபம் குறைவு என்பதாலேயே அவற்றுக்காகப் புதிய ஆலை கட்ட யாரும் முன்வரவில்லை.

விமானத் துறையில் கடிகாரம் இன்னும் மெதுவானது. போயிங் தன் 787 விமானத்தை 2007 ஜூலை 8 அன்று விழா எடுத்து வெளியே கொண்டுவந்து காட்டியபோது, அதில் பல இடங்களில் தற்காலிகப் பிணைப்பாணிகள்தான் இருந்தன. விமானத்துக்கென்று செய்யப்படும் ஆணிகளுக்கு அப்போது கடும் தட்டுப்பாடு. அதற்குமுன் வந்த சரிவில் ஆணி செய்பவர்கள் ஆட்களைக் குறைத்திருந்தார்கள். 2008-ல் வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்கவேண்டிய விமானம் 2011 செப்டம்பரில்தான் போனது. தாமதத்துக்கு ஆணி மட்டும் காரணம் இல்லை. உடல் பகுதிகளை உலகெங்கும் பல நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்ததும், அவை அரைகுறையாக வந்து சேர்ந்ததும் பெரிய காரணங்கள்.

மலிவே நோயாகும் துறை

மருந்துத் துறையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. மற்ற துறைகளில் சங்கிலி அறுந்தால் வண்டி தாமதமாகும். இங்கே நோயாளி காத்திருக்க வேண்டிவரும், சில நோயாளிகளால் காத்திருக்க முடியாது.

சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விந்தகப் புற்றுநோயைக் குணமாக்கக்கூடிய நோயாக மாற்றிய மருந்து அது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். பலரும் செய்யவந்தார்கள், விலை இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. ஊசி மருந்தைக் கிருமியில்லாத அறையில்தான் செய்யவேண்டும். அந்த அறையைப் பராமரிக்கும் செலவு, மருந்தின் விலை குறைந்தது என்பதற்காகக் குறையாது. எனவே கட்டுப்படியாகாதவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மிஞ்சியவர்கள் மேல் பாரம் ஏறியது. 2022 இறுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அதிகாரிகள் அகமதாபாத்தில் உள்ள இன்டாஸ் நிறுவன ஆலையைச் சோதனையிட்டபோது, தரப் பதிவேடுகள் கிழித்துப் போடப்பட்டிருந்ததைக் கண்டார்கள். உற்பத்தி நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் பயன்படும் சிஸ்பிளாட்டினில் ஏறத்தாழ பாதி அந்த ஓர் ஆலையைச் சார்ந்திருந்தது.

2023-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள், இருக்கிற குப்பிகளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். குணமாகும் வாய்ப்புள்ளவர்களுக்கு முன்னுரிமை, மாற்று மருந்து இருப்பவர்களுக்கு அது, மருந்தளவுகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவது என்று மருத்துவ அமைப்புகள் வழிகாட்டுதல் வெளியிட்டன. நாற்பது ஆண்டுப் பழைய, செய்முறை எல்லோருக்கும் தெரிந்த ஒரு மருந்துக்காக.

வேறொருவரிடம் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் மருந்துத் துறை மற்றவற்றிலிருந்து மாறுபடுகிறது. தையல் இயந்திரக்காரர் வால்வு கடைந்ததுபோல இங்கே யாரும் இடையில் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. மூலப்பொருள் தருபவரை மாற்றினாலே நிலைத்தன்மைச் சோதனை, பேட்ச் ஒப்பீடு, ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் என்று பல மாதங்கள் போகும். 2007-08-ல் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி மருந்தின் மூலப்பொருளில் கலப்படம் நுழைந்து நோயாளிகள் இறந்தார்கள். பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அந்த மூலப்பொருள் எத்தனையோ சிறு பட்டறைகளைக் கடந்து வந்தது. சங்கிலியின் அடிமட்டத்தில் என்ன நடந்தது என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே கடுமையான விதிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. பாதுகாப்புக்கான அதே கடுமைதான் தட்டுப்பாடு வரும்போது கையைக் கட்டுகிறது. இந்த முடிச்சை எளிதில் அவிழ்க்க முடியாது.

குளுக்கோஸ், உப்பு நீர்ப் பைகளின் கதை இதைவிட வேதனை தருவது. தண்ணீர், உப்பு, ஒரு பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான். 2017 செப்டம்பரில் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது, பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஆலைகள் மின்சாரம் இழந்தன. அமெரிக்க மருத்துவமனைகளில் சிறிய உப்பு நீர்ப் பைகள் இல்லாமல் போயின; சொட்டுசொட்டாக ஏற்றவேண்டிய மருந்தை நர்ஸுகள் சிரிஞ்சில் எடுத்து, நிமிடக்கணக்கில் நின்று மெல்ல மெல்லச் செலுத்தினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் வட கரோலினாவில் உள்ள அதே நிறுவனத்தின் ஆலைக்குள் புகுந்தது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கான ஊசி வழித் திரவத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் அங்கிருந்து வந்தது. மீண்டும் மருத்துவமனைகள் பைகளை எண்ணி எண்ணிக் கொடுத்தன. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின.

பால் ஓடியது, கடையில் பால் இல்லை

உணவுத் துறையில் கையிருப்பு என்ற மருந்தே வேலை செய்யாது. திருகை ஆறு மாதம் வைக்கலாம், பாலை வைக்க முடியாது. மாட்டிடம் இன்று கறக்காதே என்று சொல்லவும் முடியாது. 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பண்ணையாளர்கள் பாலைக் கீழே ஊற்றினார்கள். அதே வாரங்களில் கடைகளில் ஆளுக்கு இவ்வளவுதான் என்று பாலுக்குக் கட்டுப்பாடு இருந்தது. பார்ப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். காரணம் எளிது. தொற்றால் பள்ளிகளும் உணவகங்களும் மூடியிருந்தன. பள்ளிகளுக்கும் உணவகங்களுக்கும் போகும் பால் ஒரு சங்கிலி, வீட்டுக்குப் போகும் பால் இன்னொரு சங்கிலி. பள்ளிக்கான சிறு அட்டைப் பெட்டியில் நிரப்பும் இயந்திரத்தில் வீட்டுக்கான பெரிய கேனை நிரப்ப முடியாது. முட்டையும் அப்படித்தான். உணவுத் தொழிலுக்குத் திரவமாகப் போய்க்கொண்டிருந்த முட்டையைக் கடைக்குத் திருப்பிவிட முட்டை இருந்தது. வைத்து விற்க அட்டைத் தட்டு இல்லை. இங்கேயும் அச்சாணி சில்லறைப் பொருள்தான்.

2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கே.எஃப்.சி. உணவகங்கள் சுமார் 900-ல் பாதிக்கும் மேல் கோழி இல்லாமல் மூடின. கோழிக்குப் பஞ்சம் ஏதும் வரவில்லை. விநியோக ஒப்பந்தம் கைமாறியிருந்தது. முன்பு பல கிடங்குகளிலிருந்து போன சரக்கு, புதிய ஏற்பாட்டில் ரக்பி என்ற ஊரில் இருந்த ஒரே கிடங்கிலிருந்து புறப்பட்டது. முதல் நாட்களிலேயே அந்த ஒரு வாய் அடைத்துக்கொண்டது. உலக அளவில் அறுவடைக்குப் பிறகு, சில்லறைக் கடையை எட்டும் முன்பே ஏறத்தாழ 13 சதவீத உணவு வீணாகிறது என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ. அதன் பெரும்பகுதி பரபரப்பான செய்தியாக வருவதில்லை. குளிர்பதனம் இல்லாத ஒரு லாரியிலும் வெயிலில் காத்திருக்கும் ஒரு மூட்டையிலும் தினமும் நடக்கிறது.

சாட்டையின் நுனி

இதுவரை சொன்னதெல்லாம் தீ, வெள்ளம், தொற்று. வெளியிலிருந்து எந்த அடியும் விழாமலே சங்கிலி தன்னைத்தானே ஆட்டிக்கொள்ளும். இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

ஒரு கடை வாரம் 100 பொருள் விற்கிறது. எப்போதும் இரண்டு வார விற்பனையைக் கையிருப்பாக வைப்பது அதன் வழக்கம், அதாவது 200. ஒரு வாரம் விற்பனை 110 ஆகிறது. 200-ல் 110 போக மீதி 90. இனி வாரம் 110 விற்கும் என்று நினைத்து, கையிருப்பை 220 ஆக்க நினைக்கிறார் கடைக்காரர். ஆகவே 130-க்கு ஆர்டர் போடுகிறார். மொத்த வியாபாரிக்கும் அதே வழக்கம். அவருடைய 200-ல் 130 போய் 70 மிச்சம். அவர் கண்ணில் படும் விற்பனை 130; வைக்கவேண்டியது 260. ஆலைக்கு 190 ஆர்டர். ஆலையின் 200-ல் 190 போய் 10 மிச்சம். 380 வைக்கவேண்டும் என்று 370 தயாரிக்கிறது. வாடிக்கையாளர் கூடுதலாக வாங்கியது 10. ஆலை கூடுதலாகச் செய்தது 270.

அடுத்த வாரமும் விற்பனை 110 தான். கடை 110 ஆர்டர் போடுகிறது. மொத்த வியாபாரியிடம் 260-ல் 150 மிச்சம், வைக்கவேண்டியது 220. அவர் 70 மட்டும் கேட்கிறார். ஆலையிடம் 380-ல் 310 மிச்சம், வைக்கவேண்டியது 140. அந்த வாரம் ஆலைக்கு வேலையே இல்லை. ஒரு வாரம் ஓவர்டைம், மறு வாரம் லைன் நிறுத்தம். சரக்கு வந்து சேரும் தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமலே இந்த ஆட்டம். இவர்களில் யாரும் முட்டாள்தனமாக நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் கண்ணில் பட்ட எண்ணை நம்பி, நியாயமான முடிவுதான் எடுத்தார்கள்.

எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரஸ்டர் 1961-ல் இதை விளக்கினார். பின்னாளில் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர் வந்தது: கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு. பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் குழந்தைகளின் டயபர் விற்பனையில் இதைக் கண்டது. குழந்தைகள் மாதாமாதம் ஒரே அளவில்தான் டயபரை நனைக்கிறார்கள். ஆனால் ஆலைக்கு வந்த ஆர்டர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. தட்டுப்பாடு என்ற பேச்சு வந்துவிட்டால் இன்னும் மோசம். பத்து வேண்டியவர் இருபது கேட்பார், அதையும் இரண்டு பேரிடம் கேட்பார். கணினி வலைப்பின்னல் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் அப்படிப் பெருகிய ஆர்டர்களை உண்மையென்று எண்ணிச் சரக்கைக் குவித்து, 2001-ல் 200 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள கையிருப்பை நஷ்டக் கணக்கில் எழுதியது.

இந்த ஆட்டத்தின் அடி யார்மேல் விழுகிறது என்பதை ஆயத்த ஆடைத் துறை காட்டுகிறது. 2020-ல் கடைகள் மூடியதும் மேலை நாட்டு பிராண்டுகள் பங்களாதேஷ் ஆலைகளுக்குக் கொடுத்திருந்த 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன. துணி வெட்டித் தைத்து முடித்த சரக்கும் அதில் இருந்தது. ஆபத்து சங்கிலி வழியே கீழே கீழே இறங்கி, கடைசியில் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவர் தலையில் நின்றது. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபோது, தங்கள் ஆடை அங்கே தைக்கப்பட்டதா என்று சில பிராண்டுகளுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. இடிபாடுகளில் கிடந்த லேபிள்களைத் தேடி எடுத்துத்தான் பலவற்றை அடையாளம் கண்டார்கள்.

கடல்வழிகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே ஆறு நாள் சிக்கி நின்றதை உலகமே பார்த்தது. 2023-ல் பனாமா கால்வாயில் வறட்சி, அதே ஆண்டின் இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் பத்து நாளுக்கு மேல் கூடுகிறது. கப்பலும் கன்டெய்னரும் அத்தனை நாள் கூடுதலாகக் கடலில் இருப்பதால், கப்பல் எண்ணிக்கை குறையாமலே கொள்ளளவு குறைந்துவிடுகிறது.

இரண்டாம் அடுக்குக்குக் கீழே

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு உலகின் பல கார் நிறுவனங்கள் சில கறுப்பு, சிவப்பு வண்ண வண்டிகளுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்தின. பெயின்டுக்கு மினுமினுப்பு தரும் ஸைராலிக் என்ற நிறமி உலகிலேயே ஒரே ஓர் ஆலையில், ஃபுகுஷிமா மாகாணத்தின் ஒனஹாமாவில், மெர்க் நிறுவனத்தால் செய்யப்பட்டது. பெயின்டை மூன்று நான்கு பேரிடம் வாங்கிய நிறுவனங்கள் தாங்கள் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணியிருந்தன. அந்த மூன்று நான்கு பேரும் ஒரே வாசலில் நின்றது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

சங்கிலியைக் கீழ்வரை பார்த்து வைத்தால் பலன் உண்டு. சிப் செய்யும் லேசர் கருவிகளுக்கு நியான் வாயு வேண்டும். எஃகு ஆலைகளின் துணைப்பொருளாகக் கிடைக்கும் அந்த வாயுவைச் சுத்திகரித்துத் தருவதில் உலகத் தேவையில் சுமார் பாதி உக்ரைனின் இரண்டு நிறுவனங்களிடம் இருந்தது. 2022-ல் போர் தொடங்கியதும் அவை இரண்டும் நின்றன. சிப் ஆலைகள் நிற்கவில்லை. 2014-ல் கிரைமியா விவகாரத்தின்போது நியான் விலை பல மடங்கு ஏறியதில் சூடுபட்டு, அவை கையிருப்பைக் கூட்டி, வேறு இடங்களிலும் வாங்கத் தொடங்கி, பயன்படுத்திய வாயுவை மீட்டெடுக்கவும் கற்றிருந்தன. செலவு செய்து வாங்கிய நிதானம் அது. அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விதான் ஒவ்வொரு துறையிலும் மிஞ்சுகிறது. சிப் நிறுவனத்துக்கு அதற்கான லாபம் இருக்கிறது. உப்பு நீர்ப் பை செய்பவரிடம் மிகக் குறைந்த விலையை மட்டும் கேட்டு வாங்கும் மருத்துவமனைகளும் அரசுகளும் அந்தச் செலவுக்கு ஏதாவது தந்தாகவேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

டொயோட்டாவும் பாடம் கற்றது. 2011-க்குப் பிறகு, சப்ளையர்களுக்கும் கீழே உள்ள அடுக்குகளைப் பட்டியலிட்டு, எவை இல்லாவிட்டால் தாங்காது என்று பார்த்து, சிப்களை இரண்டு முதல் ஆறு மாதம் வரை சப்ளையர்களே வைத்திருக்கச் சொன்னது. 2021-ன் முதல் பாதியில் மற்ற நிறுவனங்கள் தவித்தபோது அது ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆனால் தென்கிழக்கு ஆசிய ஆலைகளைத் தொற்று முடக்கியபோது, அதே ஆண்டு செப்டம்பரில் அதுவும் உலக உற்பத்தித் திட்டத்தில் 40 சதவீதத்தை வெட்டியது. கோஜிமா என்ற பாக சப்ளையரின் கணினிகளில் சைபர் தாக்குதல் நடந்ததால், 2022 மார்ச் 1 அன்று டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் 14-உம் ஒரு நாள் நின்றன.

2023 ஆகஸ்ட் 29 அன்று அந்த 14 ஆலைகளும் மறுபடி நின்றன. எங்கும் தீயில்லை, வெள்ளமில்லை, தாக்குதலும் இல்லை. பாகங்களும் சப்ளையர்களிடம் தயாராக இருந்தன. இரண்டு நாள் முன்பு நடந்த கணினிப் பராமரிப்பின்போது, உதிரி பாகங்களுக்கு ஆர்டர் போடும் சர்வரில் வட்டு இடம் போதாமல் போயிருந்தது. ஒன்று பழுதானால் மற்றொன்று என்று மாற்று சர்வரும் வைத்திருந்தார்கள். அதுவும் அதே அமைப்பில் ஓடியதால் அதே காரணத்தால் நின்றது.